எண்ணெய்க் கசிவும் கைவைத்தியமும்

காலையில் வண்டி புறப்பட்டுச் சென்ற பின், அது நின்றிருந்த இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில் கறுப்பாக ஓர் எண்ணெய்ப் பொட்டு தென்படுகிறது. ஒரு வாரத்தில் அது உள்ளங்கை அளவாகிறது. தில்லியில் உள்ள அரசாங்கக் குடியிருப்பாயினும், நாகபுரியின் ரயில்வே காலனியாயினும், புனேயின் அடுக்குமாடி வீடாயினும், வண்டி வைத்திருப்போர் அனைவரும் என்றேனும் ஒரு நாள் காணும் காட்சி இது. இதைக் கண்டதும் நம்மவர்களிடையே இருவகை மனப்பாங்கு தோன்றுகிறது. "பழைய வண்டி அப்படித்தான் சொட்டும்" என்று அட்டையொன்றை அடியில் விரித்துவிட்டு இருந்துவிடுவோர் ஒரு சாரார். உடனே அருகிலுள்ள பட்டறைக்கு ஓட்டிச் சென்று, "இஞ்சன் கோல்னா படேகா", அதாவது எஞ்சினைத் திறந்தாக வேண்டும், என்ற வாக்கியத்தைக் கேட்டதும் மறுபேச்சின்றித் தலையசைத்துவிட்டு வருவோர் மற்றொரு சாரார். பாஷை நன்கு வராத ஊரில் எதிர்க்கேள்வி கேட்பது எளிதன்று என்பதை நாம் அறிவோம்.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நடுவழி உண்டு. பல கசிவுகள் எஞ்சினின் உள்ளுறுப்புகளிலிருந்து வருவன அல்ல. வெளிப்புறத்து மூடிகளின் ஓரங்களிலிருந்தே வருகின்றன. ஓரளவு பொறுமையும், நான்கைந்து ஸ்பானர்களும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் அவற்றை வீட்டு வாசலிலேயே சரிசெய்து கொள்ளலாம். ஆனால் எதைச் சரிசெய்வது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கசிவின் ஊற்றுக்கண்ணைக் காணாமல் எந்தப் பாகத்தை மாற்றினாலும் அது வீண் செலவாகவே முடியும். இதுவே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

எண்ணெய் குறைந்தால் என்னதான் ஆகிவிடும் என்று சிலர் கேட்கக்கூடும். எஞ்சினுக்குள் கிராங்க் தண்டு அதன் பேரிங்குகளின்மேல் நேராகப் படிந்து சுழல்வதில்லை. இடையில் உள்ள மிக மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மீது மிதந்தே சுழல்கிறது. அப்படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தோடு உரசுகிறது, சூடேறுகிறது, சிறிது நேரத்தில் இரண்டும் பற்றிக்கொண்டு எஞ்சின் நின்றுபோகிறது. தில்லியிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். கோடை விடுமுறைக்குக் குழந்தை குட்டிகளோடு காரிலேயே ஊருக்குச் செல்லும் குடும்பங்கள் இன்று பல. அவர்கள் விந்திய மலைப் பகுதியில் ஓரிடத்தில் எஞ்சின் பிடித்து நின்றால் என்ன பாடுபட வேண்டியிருக்கும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. முகப்புப் பலகையில் எண்ணெய்க் குவளை வடிவில் சிவப்பு விளக்கு ஒன்று இருக்கிறதே, அது காட்டிக் கொடுக்காதா எனலாம். அவ்விளக்கு காட்டுவது எண்ணெயின் அழுத்தத்தை, அளவை அன்று. ஓடும்போது அது எரியத் தொடங்கினால், பம்பு ஏற்கெனவே எண்ணெயின்றித் தவிக்கிறது என்று கொள்ள வேண்டும். அந்நேரத்தில் "அடுத்த பெட்ரோல் பங்கு வரை போய்ப் பார்ப்போம்" என்று எண்ணாமல், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுவதே முறை.

இருசக்கர வண்டியில் ஆபத்து வேறு வகையாகவும் வரும். கசிந்த எண்ணெய் காற்றினால் பின்னோக்கித் தள்ளப்பட்டுப் பின்சக்கரத்தின் டயரில் படிந்தால், முதல் திருப்பத்திலேயே வண்டி சறுக்கக்கூடும். சூடான புகைக்குழாயின்மேல் சொட்டும் எண்ணெய் புகையும்; சில வேளைகளில் தீப்பற்றவும் செய்யும். ஆகையால் "சொட்டினால் சொட்டட்டும்" என்பது எல்லா இடத்திலும் பொருந்தும் கொள்கையாகாது.

எண்ணெயை எஞ்சினுக்குள் அடைத்து வைக்கும் பொருள்கள் இருவகைப்படும். அசையாத இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே வைத்து முடுக்கப்படுவது ஒன்று. நூல்களில் அதை காஸ்கெட் என்பர். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் அச்சொல்லுக்கு இணையான தமிழ்ச் சொல் தேடி எத்தனையோ முறை அகராதிகளைப் புரட்டியதுண்டு. ஆனால் கோயம்புத்தூர் பட்டறையிலும் கான்பூர் பட்டறையிலும் உள்ளவர்கள் அக்கவலை இன்றிப் 'பேக்கிங்' என்று ஒரே சொல்லால் அழைத்துவிடுகிறார்கள். நாமும் அதையே இங்குக் கைக்கொள்வோம். தக்கை, தடித்த காகிதம், ரப்பர், மெல்லிய உலோகத் தகடு ஆகியவற்றால் பேக்கிங் செய்யப்படுகிறது. எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்த பரப்பாயினும் நுண்ணிய மேடுபள்ளங்கள் இருக்கவே செய்யும்; பேக்கிங் நசுங்கி அவற்றை நிரப்புகிறது. அதன் வேலை அவ்வளவே.

மற்றொன்று ஆயில் சீல். சுழலும் தண்டு ஒன்று எஞ்சினின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் இது பொருத்தப்படுகிறது. வெளிவளையம் சுவரின் துளையில் இறுக்கமாக அமர்ந்திருக்கும். உள்ளே ரப்பர் உதடு ஒன்று தண்டைச் சுற்றி மெல்லத் தழுவி நிற்கும். அவ்வுதட்டின் முதுகில் மெல்லிய சுருள்கம்பி வளையம் ஒன்று இருந்து அதைத் தண்டோடு அணைத்துப் பிடிக்கும். பேக்கிங்கை முடுக்கி இறுக்கலாம். சீலை அவ்வாறு இறுக்க வழியில்லை. உதடு தேய்ந்தாலோ விறைத்தாலோ புதியது போடுவது தவிர வேறு மருந்து கிடையாது.

இரண்டுக்கும் பகை வெப்பமும் காலமுமே. ரப்பர் ஆண்டுக்கணக்கில் எஞ்சினின் சூட்டில் வெந்து, நெகிழ்ச்சி இழந்து, நகத்தால் அழுத்தினால் குழியாத கட்டையாகிவிடுகிறது. வட இந்தியாவில் கோடையில் 45 பாகை வரை ஏறும் வெப்பமும், மார்கழி, தை இரவுகளில் நான்கைந்து பாகைக்கு இறங்கும் குளிரும் இதற்குத் துணைபோகின்றன. விறைத்த ரப்பர் குளிரில் மேலும் சுருங்குவதால், கோடையில் வெளிப்படாத கசிவு குளிர்காலக் காலைகளில் தலைகாட்டுவதுண்டு. மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டியிலும் சீலின் உதடு உலர்ந்து போகிறது. ஊருக்குப் போய்த் திரும்பி வந்ததும் கசிவைக் கண்டு, நிறுத்தி வைத்த வண்டி எப்படிக் கெட்டது என்று வியப்போர் உளர். நிறுத்தி வைத்தது அக்கேட்டிற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி ஊற்றுக்கண்ணைக் காணும் வழி. முதலில், சொட்டுவது எஞ்சின் எண்ணெய்தானா என்று பார்க்க வேண்டும். வெள்ளைக் காகிதம் ஒன்றை இரவில் அடியில் விரித்து, வண்டியின் முன்பக்கம் எது என்று அதில் குறித்து வைக்கலாம். பழுப்பாகவோ கறுப்பாகவோ வழுவழுப்பாகவோ இருந்தால் எஞ்சின் எண்ணெய். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு ஆகிய நிறங்களில் நீர்போல் இருந்தால் ரேடியேட்டரின் குளிர்நீர். கியர் எண்ணெய் கெட்டியாகவும் மூக்கைத் துளைக்கும் நெடியோடும் இருக்கும். மஞ்சள் கலந்த தெளிந்த நிறத்தில், வண்டியின் வர்ணத்தையே உரிக்கும் திரவம் பிரேக் எண்ணெய். அது கசிகிறதென்று ஐயம் தோன்றினால் வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கை வீட்டிற்கு அழைப்பதே தகும்.

எஞ்சின் எண்ணெய்தான் என்று தெரிந்துவிட்டால், அது சொட்டும் இடத்தைக் கண்டு அதுவே கசியும் இடம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எண்ணெய் மேலே பிறந்து, சுவரோடு வழிந்து, ஏதேனும் ஒரு போல்ட்டின் முனையில் தங்கி அங்கிருந்து சொட்டும். ஓட்டத்தில் காற்று அதைப் பின்னோக்கிப் பரப்பும். ஆகவே ஈரம் தென்படும் இடங்களில் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் உள்ளதோ அதையே ஐயுற வேண்டும். எஞ்சின் முழுவதும் ஆண்டுக்கணக்கான அழுக்கு அப்பியிருந்தால் எதுவும் புலப்படாது. ஆறிய எஞ்சினை டீசல் நனைத்த துணியாலும் பழைய பல்துலக்கும் தூரிகையாலும் துடைத்து, பின் சோப்பு நீரால் கழுவி நன்கு உலர விட வேண்டும். மின்கம்பிகளும் காற்று வடிகட்டியும் நனையாதபடி பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொள்ளலாம். டீசலின் ஈரம் இருக்கும்போது எஞ்சினைக் கிளப்பலாகாது. உலர்ந்த பின் ஐயத்திற்குரிய இணைப்புகளின்மேல் முகத்துக்கிடும் டால்கம் பவுடரை மெல்லத் தூவி, பத்துப் பதினைந்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தால், எண்ணெய் எங்கிருந்து புறப்படுகிறதோ அங்கிருந்து வெண்மையின்மேல் ஒரு கருங்கோடு இறங்கும். பவுடருக்குப் பதிலாக வீட்டிலுள்ள கோலப்பொடியைத் தூவலாமா என்று ஒரு அன்பர் நம்மைக் கேட்டார். கோலப்பொடியில் கல் கலந்திருக்கும். அது எஞ்சினின் அருகே வரவே கூடாது.

ஊற்றுக்கண் கிடைத்தபின்னும் ஸ்பானரை எடுக்குமுன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அதைப் பட்டறைகளிலும் பலர் பார்ப்பதில்லை. பிஸ்டனைத் தாண்டிச் சிறிதளவு வாயு எஞ்சினின் கீழறைக்குள் எப்போதும் இறங்கிக்கொண்டே இருக்கும். அது வெளியேறுவதற்கென்று மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. கார்களில் அதோடு சிறிய வால்வு ஒன்றும் இருக்கும். அது அழுக்கால் அடைபட்டால், உள்ளே அடைபட்ட வாயு எங்கே வழி கிடைக்கும் என்று தேடி, சீல்களையும் பேக்கிங்குகளையும் உந்தி எண்ணெயையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். இந்நிலையில் புதிய சீலைப் போட்டாலும் அதுவும் கசியும். குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து, வெடித்திருந்தால் புதியது போட்டுச் சில நாள் ஓட்டிப் பார்த்தால், சில வண்டிகளில் கசிவு அத்தோடு தணிந்துவிடுகிறது. குழாய் திறந்திருந்தும், எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைச் சற்றே தளர்த்தினால் புகை குபுகுபுவென்று வருமானால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும். அப்போது பட்டறைக்காரர் "எஞ்சினைத் திறக்க வேண்டும்" என்று சொன்னால் அதில் நியாயம் உண்டு.

இதற்குத் தக்க உதாரணம் நம் ஊர்ப் புல்லட். சென்னையை அடுத்த திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கப்பெற்ற தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுகளை, பதிவைப் புதுப்பித்துக்கொண்டு இன்றும் ஓட்டி வருவோர் பல மாநிலங்களில் இருக்கிறார்கள். "புல்லட்டில் எண்ணெய் சொட்டவில்லையா? அப்படியானால் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பொருள்" என்பது அதை ஓட்டுவோரின் பழைய வேடிக்கை. அதன் எண்ணெய் அறை எஞ்சினின் கூட்டோடு இணைந்தே வார்க்கப்பட்டது. பல நாள் நிறுத்தி வைத்தால் எண்ணெய் பம்பின் வழியே மெல்லக் கசிந்து கிராங்க் தண்டின் அறைக்குள் இறங்கிவிடும். அப்போது அளவுக்குச்சியைப் பார்த்தால் எண்ணெய் குறைவாகத் தோன்றும். உடையவர் உடனே அரை லிட்டரை ஊற்றிவிடுவார். வண்டியைக் கிளப்பியதும், கீழே இறங்கியிருந்த எண்ணெய் முழுவதும் மேலே வந்து சேர, ஊற்றியது மிகையாகி மூச்சுக்குழாய் வழியாகவும் கிடைத்த இடுக்கு வழியாகவும் பீறிடும். இது சீலின் குற்றமன்று. சில நிமிஷம் ஓடவிட்டு நிறுத்திய பிறகே அந்த எஞ்சினில் எண்ணெய் அளவு பார்க்க வேண்டும். அதன் மூச்சுக்குழாயின் முனையில் வாத்தின் அலகு போன்ற ரப்பர் துண்டு ஒன்றைக் காணலாம். வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாமல் தடுப்பது அது. விலை மிகச் சொற்பம். அது விறைத்துப்போனால் எஞ்சின் முழுவதும் எண்ணெய் பூசிக்கொண்டு நிற்கும்.

அதே வண்டியின் இடப்புறம் உள்ள செயின் மூடி மற்றொரு பாடம் கற்பிக்கிறது. அகன்ற அம்மூடி நடுவிலுள்ள ஒரே நட்டினால் பிடிக்கப்பட்டு, விளிம்பில் ரப்பர் வளையத்தால் அடைக்கப்படுகிறது. கசிகிறதென்று நட்டை மேலும் மேலும் முடுக்குவோர், மூடியை வளைத்து, கசிவைப் பெருக்கியே விடுகிறார்கள். ரப்பர் வளையத்தை மாற்றி, விளிம்பைத் துடைத்து, அளவாக முடுக்கினால் போதும்.

கார்களில் வீட்டிலேயே செய்யத்தக்க வேலைகளுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது, எஞ்சினின் உச்சியிலுள்ள வால்வு மூடியின் பேக்கிங்கை மாற்றுவது. வடக்கே இதை 'டாப்பெட் கவர் பேக்கிங்' என்று கேட்டு வாங்கலாம். எஞ்சின் முற்றும் ஆறிய பிறகு, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். மூடியின்மேல் செல்லும் கம்பிகளும் குழாய்களும் எவ்வாறு அமைந்துள்ளன என்பதைக் கைப்பேசியால் ஒரு படம் எடுத்துக்கொள்வது நலம்; இந்த வசதி நம் தந்தையர் காலத்தில் இல்லை. போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிராகத் தளர்த்தி எடுத்து, இருந்த வரிசையிலேயே ஓர் அட்டையில் குத்தி வைக்கலாம். மூடி ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் திருப்புளியை இடுக்கில் செருகி நெம்புவது பெரும் பிழை. அலுமினியப் பரப்பில் விழும் கீறல் எண்ணெய்க்கு நிரந்தரமான வாய்க்கால் ஆகிவிடும். மரக்கட்டையை வைத்துப் பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் கழன்றுவிடும்.

மூடியைத் திறந்ததும் எஞ்சினின் உள்ளுறுப்புகள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒரு சிறு கல்லோ, பழைய பேக்கிங்கின் துணுக்கோ உள்ளே விழாதபடி சுத்தமான துணியை விரித்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் அத்துணியை எடுக்கவும் வேண்டும். பழைய பேக்கிங்கின் எச்சங்களை மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சுரண்டியால் எடுக்கலாம். உப்புத்தாள் வேண்டாம், அதன் மணல் எண்ணெயோடு கலந்து பேரிங்குகளைச் சென்றடையும். இரு பரப்புகளும் எண்ணெய்ப் பசையின்றி உலர்ந்த பிறகே புதியதை வைக்க வேண்டும். எஞ்சின் வேலையில் பாதி இந்தத் துடைப்பிலேயே இருக்கிறது என்பது நம் கருத்து. ஸ்பார்க் பிளக்குகள் மூடியின் நடுவே குழிகளில் அமைந்துள்ள எஞ்சின்களில், அக்குழிகளைச் சுற்றியுள்ள சிறு ரப்பர் வளையங்களையும் கூடவே மாற்றிவிட வேண்டும். இல்லாவிடில் எண்ணெய் குழிக்குள் இறங்கி, எஞ்சின் இருமுவதுபோல் ஓடும்.

சிலிக்கோன் பசை பற்றி ஒரு சொல். நம் நாட்டுப் பட்டறைகளில் இதற்கு ஒரு மயக்கம் இருக்கிறது. ரப்பர் பேக்கிங்குக்குப் பொதுவாக எவ்விதப் பசையும் தேவையில்லை. எஞ்சினைச் செய்தவர்களின் கைப்புத்தகம், மூடியின் வளைவுகளிலோ இரு பாகங்கள் கூடும் மூலைகளிலோ மட்டும் ஒரு சொட்டு வைக்கச் சொல்லலாம். பற்பசைபோல் சுற்றிலும் பிழிந்தால், வெளியே பிதுங்கியது நம் கண்ணில் படும். உள்ளே பிதுங்கியது படாது. அது பிய்ந்து எண்ணெயில் மிதந்து, பம்பு உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடக்கூடும். வெளிக்கசிவை நிறுத்தப் போய் எஞ்சினைப் பட்டினி போட்ட கதையாகும். பசை இட்டால் அதன் உறையில் கண்ட நேரம் உலர விட வேண்டும். முழுதும் இறுகப் பெரும்பாலும் ஒரு நாள் வேண்டியிருக்கும்.

போல்ட்டுகளை முதலில் கையாலேயே திருகி அமர்த்தி, பின் நடுவிலிருந்து தொடங்கி எதிரெதிராக இரண்டு மூன்று சுற்றாக முடுக்க வேண்டும். பத்து மில்லிமீட்டர் ஸ்பானர் பிடிக்கும் சிறு போல்ட்டுகள் இவை. சுமார் எட்டு முதல் பத்து நியூட்டன் மீட்டர் விசையே இவற்றுக்குப் பெரும்பாலும் போதும்; உரிய எண் கைப்புத்தகத்தில் இருக்கும். விசையளக்கும் ஸ்பானர் இல்லாதோர், ஸ்பானரின் நுனியைப் பிடிக்காமல் தலைப்பக்கமாக விரல்களால் பிடித்து முடுக்கினால் மிகையாகாது. மிகையானால் அலுமினியத்தில் வெட்டிய மரை அழிந்துவிடும். இதை ஹிந்தி மெக்கானிக்குகள் "சூடீ மர் கயீ" என்பார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'வளையல் செத்துவிட்டது' என்றாகும். மரைக்கு வளையல் என்று பெயரிட்டவன் கவிஞனாகவே இருக்க வேண்டும். ஆயினும் அவ்வாக்கியம் நம் காதில் விழும்போது செலவு பன்மடங்காகியிருக்கும்.

எண்ணெய் வடிக்கும் திருகின் கசிவு இதனினும் எளியது. அதன் கழுத்திலுள்ள செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒரு முறை நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் புதியது போடச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. விலை சில ரூபாய்தான். எண்ணெய் வடிகட்டியைப் பொருத்துகையில் பழைய ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்று, அதன்மேல் புதியதும் அமர்ந்தால், வண்டி கிளம்பியதும் எண்ணெய் வெள்ளமாகக் கொட்டும். ஆகையால் பழைய வளையம் வெளியே வந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். எண்ணெய்த் தொட்டியின் பேக்கிங்கை மாற்றுவதும் செய்யக்கூடியதே. வடக்கில் அத்தொட்டியைச் 'சேம்பர்' என்பர். ஆனால் அதற்கு வண்டியின் அடியில் புக வேண்டும்.

அடியில் புகுவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பிப் புகவே கூடாது. ஜாக்கி தூக்குவதற்குரியது, தாங்குவதற்குரியதன்று. சமதளத்தில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை இறக்கிய பிறகே உள்ளே தலைவைக்க வேண்டும். செங்கல்லை அடுக்கி அதன்மேல் நிறுத்துவதும் கூடாது. செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். ஜாக்கி சரிந்து உயிர் இழந்தோர் உண்டு. தாங்கிகள் இல்லையேல் அந்த வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுவோம்.

சீல்களுள் வெளிப்புறத்தில் எளிதாக எட்டக்கூடியவை சில உண்டு. உதாரணமாக, மோட்டார் சைக்கிளில் கியர் தண்டு வெளிவரும் இடத்துச் சீலைப் பல வண்டிகளில் மூடியைக் கழற்றினாலே அடையலாம். பழைய சீலின் முகத்தில் மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும்: 30, 42, 7 என்றால், தண்டின் விட்டம் 30 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 42, தடிப்பு 7. இவ்வெண்களைக் குறித்துக்கொண்டு போனால் கடையில் பாஷைத் தொல்லையே இல்லை. எண்ணுக்கு எல்லா மாநிலத்திலும் ஒரே பொருள்தான். பழையதை எடுக்கும்போது தண்டில் கீறல் விழாமல் காக்க வேண்டும். புதியதன் உதட்டில் சிறிது எண்ணெய் தடவி, சுருள்கம்பி தெரியும் முகம் எண்ணெய் இருக்கும் பக்கத்தை நோக்குமாறு வைத்து, வெளிவிளிம்பின் அளவுக்கு ஒத்த குழாய்த் துண்டை அதன்மேல் வைத்து நேராகத் தட்டி இறக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தட்டினால் சாய்ந்து உதடு மடங்கும். தண்டில் உதடு படிந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புதிய சீலும் நெடுநாள் நில்லாது.

நாம் தொடாமல் விடவேண்டியவற்றையும் சொல்லியாக வேண்டும். கிராங்க் தண்டின் பின்புறச் சீலை அடைய கியர்பெட்டியையே இறக்க வேண்டும்; சீல் மலிவு, உழைப்பே விலை. முன்புறச் சீலுக்கு டைமிங் பெல்ட்டைக் கழற்றும்படியான எஞ்சின்களில், பெல்ட் ஒரு பல் இடம் மாறி அமைந்தாலும் எஞ்சின் முறையாக ஓடாது; மேலும் பிசகினால் சில எஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். ஹெட் பேக்கிங்கும் அத்தகையதே. பரப்பின் சமத்தை அளக்கவும், வரிசையும் விசையும் தவறாமல் முடுக்கவும் கருவியும் பழக்கமும் தேவை. இவற்றைப் பட்டறையில் கொடுக்கும்போதும், நாம் கண்ட ஊற்றுக்கண்ணைச் சுட்டிக்காட்டி, எந்தப் பாகம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்ல வேண்டும். நல்ல தொழிலாளி இதற்குக் கோபிக்க மாட்டார்.

உதிரிப் பாகங்களுக்குத் தில்லியில் காஷ்மீரி கேட்டும், இருசக்கர வண்டிகளுக்குக் கரோல் பாகும், கல்கத்தாவில் மல்லிக் பஜாரும், பெங்களூரில் ஜே.சி. ரோடும் பெயர்பெற்றவை. அசலோடு போலியும் அங்கே அருகருகே கிடைக்கும். போலிச் சீலின் உதடு விரலுக்குக் கரடுமுரடாகப் படுவதுண்டு. பேக்கிங்கின் துளைகள் போல்ட்டுகளோடு பொருந்தாமல் போவதுண்டு. பழையதையே கையோடு கொண்டுபோய் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து வாங்குவதே நல்லது.

வேலை முடிந்ததும் எஞ்சினைக் கிளப்பி, சிவப்பு விளக்கு அணைகிறதா என்று கண்டு, பத்து நிமிஷம் கழித்து இணைப்பைச் சுற்றித் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். முதல் வாரம் நாள்தோறும் காலையில் அளவுக்குச்சியைப் பார்ப்பது நலம். சூடு பட்டபின் சற்றே ஈரம் தெரிந்தால் எஞ்சின் ஆறியிருக்கையில் ஒருமுறை முடுக்கத்தைச் சரிபார்க்கலாம். அதற்குமேல் முடுக்க வேண்டாம்.

வடித்த பழைய எண்ணெயைக் குடியிருப்பின் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டும் பழக்கம் இன்னும் நீங்கவில்லை. அதில் உலோகத் துகள்களும் நச்சுப் பொருள்களும் கலந்திருப்பதால், 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் அதை அபாயகரக் கழிவாகவே கருதுகின்றன. மூடியுள்ள பழைய டப்பாவில் ஊற்றி, எண்ணெய் மாற்றும் பெரிய பட்டறையில் கொடுத்தால், அவர்கள் சேர்த்து வைக்கும் பீப்பாயோடு அது மறுசுத்திகரிப்புக்குச் செல்லும். கசிந்த இடத்தில் தரையில் உள்ள கறையின்மேல் மரத்தூளைத் தூவி ஒரு நாள் விட்டுப் பெருக்கினால் பெரும்பகுதி போய்விடும்; எஞ்சியதைச் சோப்புத் தூளால் தேய்க்கலாம். தரை வெளுத்த பிறகு அவ்விடத்தில் மறுபடியும் வெள்ளைக் காகிதத்தை ஓரிரவு விரித்து வைத்துப் பார்க்க வேண்டும்.